என் பேரில் ஓடிய வண்டி

1

போன மாதம் என் மகன் செல்வம் தன் பழைய காரை விற்றான். வாங்குகிறவர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். செல்வம் ஒன்பது மணிக்கே வாசலில் காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து நம்பர் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். கனடாவில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பில் திருகாணி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. நான் உள்ளே போய் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விட்டேன். அதற்குப் பிறகுதான் அசைந்து கொடுத்தது.

"ஏண்டா, விக்கிற வண்டிய மூக்கறுத்தா அனுப்புவ?" என்று கேட்டேன்.

"நம்பர் நம்மளுதும்மா. வண்டிதான் அவருது."

"நம்பர் வண்டியோட போவாதா?"

"போவாது. இங்க நம்பர் ஆளுக்குத்தான். நாளைக்கி நான் வேற கார் வாங்கினா இதையே அதுல மாட்டிக்கலாம்."

வாங்க வந்தவர் ஒரு பஞ்சாபிக்காரர். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அவருடைய தகடு இரண்டையும் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். செல்வம் வண்டியின் காகிதத்தை மேசையில் வைத்து இரண்டாகக் கிழித்தான். நம்பருக்கு உரிய பாதி இவனுக்கு. வண்டிக்கு உரிய பாதியின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"அவரு பேரு எப்ப ஏறும்?" என்றேன்.

"சீக்கிரமே போயி மாத்திக்கணும். மாத்தாம ஓட்ட முடியாது."

"நம்ம பேர்லயே ஓட்டினா?"

செல்வம் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் எதை நினைத்துக் கேட்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். கழற்றிய தகட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

எங்கள் செஞ்சியில் வண்டியை விற்றால் நம்பர் வண்டியோடு போகும். பழைய இரும்புக்குப் போடும்வரை அந்த நம்பர்தான். மாற்ற வேண்டியது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பேர் ஒன்றுதான். அந்த ஒன்றை மாற்றாமல் விட்டுவிட்டு நான் விமானம் ஏறினேன். அதனால் என் மகள் என்னைப் பொய்க்காரி என்று நினைத்தாள். ஒரு வருஷம் நினைத்தாள். ஊரில் இருப்பவர்கள் யாராவது இப்படி அரைகுறையாக வண்டி விற்றிருந்தால் அவர்களுக்காகவாவது இதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

எனக்குப் படிப்பு மூன்றாவது வரைக்கும்தான். ஒரு பக்கம் எழுத ஒரு முழுப் பகல் பிடிக்கும். இங்கே எனக்குப் பகல் நிறைய இருக்கிறது.

2

அந்த வண்டி எப்படி என் பேரில் வந்தது என்று சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் பச்சையப்பன் செஞ்சியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்தார். அவர் பேரில் எடுத்த மண்டி நொடித்தது. அவர் பேரில் எடுத்த லாரி மேல்மலையனூர் போகிற வழியில் கவிழ்ந்தது. கார் வாங்கலாம் என்று வந்தபோது, "இந்தத் தபா உம் பேர்ல வாங்குவோம், இன்னா ஆவுதுன்னு பாப்போம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட வேண்டுமே என்று பத்து நாள் பழகினேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கமெல்லாம் கன்னியம்மாள், கன்னியம்மாள் என்று எழுதினேன். அதுவரை கைநாட்டு வைத்துத்தான் எல்லாம். "ரேகை வெச்சா போதும்மா" என்று வண்டி வாங்கிய இடத்தில் ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று பேனாவை வாங்கினேன்.

வண்டி வந்த வருஷம் மல்லாட்டைக்கு நல்ல விலை. அடுத்த வருஷமும் அப்படியே. அதற்குப் பிறகு ஊரில் அது கன்னிம்மா வண்டி ஆகிவிட்டது. பிரசவம் ஆனவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவர, பெண் பார்க்கப் போக, கடன் தீர்த்துப் பத்திரத்தைத் திருப்பப் போக, "கன்னிம்மா வண்டி இருக்குதா?" என்று வந்து நிற்பார்கள். ராசியான வண்டி என்பார்கள். பாதிப் பேர் ராசியான கை என்று என்னையே சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இல்லையென்று இப்போது எழுதினால் பொய்.

இங்கே அந்தப் பேர் யாருக்கும் தெரியாது. ஊரில் பேருக்கு முன்னால் ஒரு எழுத்தாக நின்ற வீட்டுக்காரர் பேரை இங்கே குடும்பப் பேராக்கிப் பின்னால் போட்டுவிட்டார்கள். மருத்துவமனையில் கூப்பிடும்போது "பச்சியாப்பன்" என்கிறார்கள். முதல் தடவை, செத்துப்போன மனிதரை யார் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது. பேத்தி தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. என் பேரை எழுதிக் காட்டினால் "இது படமா பாட்டி?" என்கிறாள்.

ஆகவே செஞ்சியில் எதிலிருந்தும் என் பேரை எடுக்க நான் விடவில்லை. வீட்டு வரி என் பேரில். கரண்ட் பில் என் பேரில். ரேஷன் கார்டில் என் படம், குடும்பத் தலைவி என்று. "நீதான் அங்க இல்லியேம்மா" என்று மகள் மல்லிகா இரண்டு தடவை சொன்னாள். "இருந்துட்டுப் போவட்டும்டி" என்றேன்.

3

வீட்டுக்காரர் காலமான பிறகு செல்வம் என்னை இங்கே வரச்சொன்னான். வண்டியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. மல்லிகாவுக்கு ஓட்டத் தெரியாது. புருஷன் விட்டுப்போனவள், ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு என் வீட்டில்தான் இருக்கிறாள், தையல் வேலை. பெட்ரோல் போட அவளால் ஆகாது. வல்லத்தில் இருக்கும் என் தம்பி ஏழுமலை, "நானே வாங்கிக்கறன் யக்கா" என்றான்.

ஏழுமலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. எங்கள் அம்மா இறந்தபோது அவனுக்கு மூன்று வயது, எனக்குப் பதினான்கு. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் மல்லாட்டை பிடுங்கப் போவேன். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம், தம்பியையும் என்னோடு கூட்டிவருவேன் என்று சொன்னேன். பெண் வாயைத் திறந்து நிபந்தனை போடுகிறாளே என்று முதலில் வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இரண்டாவதாக வந்தவர் பச்சையப்பன்.

ஒருநாள் ஏழுமலை ஏஜெண்டைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் தாள் நிரப்பிக் கொடுக்கிறவர், நல்ல மனிதர். வண்டியின் உள்ளே பொறித்திருக்கும் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். பேர் மாற்றும் தாள்களில் கையெழுத்துப் போட இடம் காட்டினார். நான் போட்டேன். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வண்டியை ஒப்படைத்தேன் என்று ஒரு டெலிவரி நோட்டு எழுதி ஏழுமலையிடம் கையெழுத்து வாங்கி, அதை என்னிடம் கொடுத்தார்.

தாள்களை ஏஜெண்டு பைக்குள் வைக்கப் போகும்போது ஏழுமலை கையைப் பிடித்தான்.

"அத எங்கிட்ட குடுய்யா. அவசரம் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினான். "யக்கா, பேரு மட்டும் உன்னுதே இருக்கட்டும். உம் பேருக்கு ஒரு ராசி இருக்குது. என் பேர ஏத்தினா அந்த வண்டி எனக்குத் தங்காது."

"அதெல்லாம் ஆவாதும்மா" என்றார் ஏஜெண்டு. "ஓட்றவரு எங்கயாச்சும் இடிச்சாலும் உங்களத்தான் தேடுவாங்க. கனடாவுக்கா வந்து கையெழுத்து வாங்கறது?"

"நீ சும்மா இருய்யா. அக்கா தம்பிக்குள்ள நீ எங்க வர?"

ஏஜெண்டு என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. மாற்று என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் நான் இல்லாத ஊரில் என் பேர் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்தது. மகிழ்ச்சியாக இருந்தது. தம்பி வாயால் ராசி என்று கேட்டது அதைவிட மகிழ்ச்சி.

"இருந்துட்டுப் போவட்டும்" என்றேன்.

ஏஜெண்டு பையை மூடினார். "அந்த நோட்டையாவது பத்திரமா வெச்சிக்கங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

4

மல்லிகா வாரத்தில் மூன்று நாள் என்னோடு பேசுவாள். அது குறைந்துகொண்டே வந்தது. கூப்பிட்டால் மெஷின் சத்தம் கேட்கும், "தச்சினு இருக்கேம்மா, அப்பறம் பேசறன்" என்பாள். அப்புறம் என்பது வராது. பெண்ணைக் காலேஜில் சேர்த்திருக்கிறாள், வேலை கூடுதல் போலிருக்கிறது என்று நினைத்தேன். செல்வத்திடம் சொன்னால், "எல்லாரும் பிசிம்மா" என்றான்.

கடைசியில் ஒருநாள் அவளே கூப்பிட்டாள். எனக்கு அப்போது காலை, பேத்தியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கறன். உண்மைய சொல்லுவியா?"

"நான் எப்படி உங்கிட்ட பொய் சொல்லுவன்?"

"மாமாவுக்கு வண்டிய வித்தியா? இல்ல, சும்மா ஓட்டிக்கடான்னு குடுத்துட்டு, வித்துட்டன்னு எங்கிட்ட சொன்னியா?"

"வித்தன்டி. நீயும்தான அங்க இருந்த?"

"நான் டீ போட்டுக்கினு இருந்தன். நீங்க பேசினது எனக்கு இன்னா தெரியும்?"

மெல்ல மெல்லச் சொன்னாள். வீட்டுப் பெண்களுக்கு மாதாமாதம் அரசாங்கம் கொடுக்கும் உதவிக்கு மனுப் போட்டிருக்கிறாள். கார் இருக்கிற குடும்பத்துக்கு அது கிடையாது. எங்கள் கார்டில் தலைவி நான். என் பேரில் ஒரு கார் இருக்கிறது. மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

"அவங்க மேல தப்பில்லம்மா, புத்தகத்துல இருக்கறதத்தான சொல்றாங்க. கியூவுல பின்னாடி நின்ன பொம்பளைங்கதான், கார் வெச்சினு இருக்கறவளுக்கு இங்க இன்னா வேலைன்னு சிரிச்சாங்க. தையல் கூலிக்கு நான் அவங்க ஜாக்கெட்டத் தச்சித் தரன். அவங்க சிரிக்கறாங்க."

"ஏழுமலகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"போன வருசமே வல்லத்துக்குப் போனன்."

"இன்னா சொன்னான்?"

மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"உங்கம்மாதான் பேர மாத்தக் கூடாதுன்னு கண்டிசனா சொல்லிட்டுப் போயிருக்குது. நானும் போன்ல கெஞ்சிப் பாத்துட்டன். பொண்ணு கஷ்டத்தவிட அதுக்கு அதும் பேருதான் பெருசுன்னாரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் என்னிடம் கெஞ்சவில்லை. இப்படி ஒரு விஷயம் இருக்கிறது என்று சொல்லவே இல்லை. அதற்குள் எத்தனை தடவை பேசியிருப்பான்! பொங்கலுக்குப் பேசினான். தீபாவளிக்குப் பேசினான். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டால், "உன் ராசிக்கா, தங்கமா ஓடுது" என்பான். நான் அதைச் செல்வத்திடம் சொல்லிச் சந்தோஷப்படுவேன்.

"நான் அப்பிடிச் சொல்லலடி" என்றேன்.

"மாத்தாதன்னு சொன்னியா, இல்லியா?"

"இருந்துட்டுப் போவட்டும்னு சொன்னன்."

"கார்டுக்கும் அதான சொன்ன?" என்றாள் மல்லிகா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பிறகு அவளே ஒரு மாதிரி சிரித்தாள். "மாமா வூட்டு அத்தைக்கு மாசா மாசம் அந்தப் பணம் வந்துகினு இருக்குதும்மா. அவங்க வூட்ல காரே இல்லியாம். வாசல்ல நிக்கறது மாட்டு வண்டியாம்."

5

ஏழுமலையைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "யக்கா, சாமி, நல்லா இருக்கறியா?" என்றான். எப்போதும் போன்ற குரல்தான். அந்தக் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

பேரை மாற்றிக்கொள் என்றேன். முதலில், ஆடி முடியட்டும் என்றான். ஆடி முடிந்தது. ஏஜெண்டு ஊரில் இல்லை என்றான். பிறகு, தாளைக் கரையான் அரித்துவிட்டது என்றான். நான்காவது தடவை பேசும்போது செல்வமும் பக்கத்தில் இருந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"டேய், எனக்குக் காரணம் வேணாம். மல்லிகா உனக்கு அக்கா பொண்ணுடா. அவ வயித்துல அடிச்சிட்டு நீ வண்டி ஓட்டணுமா?"

"யாரு அடிச்சது? பேரு இருக்கட்டும்னு நீதான சொன்ன? நானா திருடினன்?"

"எங்கிட்ட கெஞ்சினன்னு அவகிட்ட சொல்லியிருக்கறியே. எப்படா கெஞ்சின?"

அவன் குரல் ஏறியது. "யக்கா, ஒண்ணு சொல்றன், கோச்சிக்காத. நீ அங்க ஈட்டர் போட்டுக்கினு ஒக்காந்துகினு இருக்கற. இங்க வூடு உம் பேர்ல, கார்டு உம் பேர்ல, கரண்ட் பில்லு உம் பேர்ல. ஊர்லயே இல்லாத ஆளுக்கு ஊர் பூரா பேரு. அதுல ஒரு பேரால எனக்கு ஒரு நல்லது நடந்தா உனக்கு இன்னா போச்சி?"

"எம் பேரு ராசின்னு சொன்னியேடா."

"சொன்னாதான நீ ஒத்துக்குவ."

இதைச் சொல்லிவிட்டு அவன் வேறு என்னவோ பேசினான். என் காதில் விழவில்லை. செல்வம் கையை நீட்டிப் போனை அணைத்தான்.

எனக்கு எதற்கு வலித்தது என்று இத்தனை நாள் கழித்தும் யோசிக்கிறேன். பணத்துக்கு ஆசைப்பட்டான் என்றால் விட்டுவிடலாம், இல்லாதவன் ஆசைப்படுவான். என்னைப் பற்றி மகளிடம் பொய் சொன்னான், அதையும் கத்தித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் என் பெருமை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்து, அந்த இடத்தில் கையை வைத்துத் தடவிக்கொடுத்து, காரியத்தை முடித்திருக்கிறான். நான் வளர்த்தவனுக்குத்தானே அந்த இடம் தெரியும்!

அடுத்த நாள் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பையில் தேடினேன். டெலிவரி நோட்டு இருந்தது. அதை வைத்துச் செல்வம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு மனு எழுதினான். இன்ன தேதியில் விற்றேன், வாங்கியவர் பேரை மாற்றவில்லை, விசாரிக்க வேண்டும் என்று. எழுதிவிட்டு என் முன்னால் வைத்தான். வைத்தவன் போகாமல் நின்றான்.

"மாமா மேல புகார்மா இது. யோசிச்சிக்க. போலீஸ் வரைக்கும் போவலாம்."

"படி."

முழுவதும் படித்தான். என் தம்பியின் பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் அதில் இருந்தது. அவன் அப்பா பேர் என் அப்பா பேர்தான். நான் பேனாவை வாங்கி ஏழு எழுத்தையும் போட்டேன். எழுத்து தெளிவாக விழுந்தது.

அவன் சொன்னதில் ஒன்று உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஊரில் இல்லாதவளுக்குக் கார்டு எதற்கு? அன்றைக்கே மல்லிகாவைக் கூப்பிட்டு, கார்டில் என் பேரை எடுத்துவிட்டு உன்னைத் தலைவியாகப் போட்டுக்கொள் என்றேன். கரண்ட் பில்லையும் மாற்றிக்கொள் என்றேன்.

"கோவத்துல சொல்றியாம்மா?"

"கோவம் இருக்குது. உம் மேல இல்ல."

"வண்டி பேரு மாறினா போதும்மா. கார்டு இருக்கட்டும்."

"நீ கேக்காமயே இத நானே செஞ்சிருக்கணும். இப்ப சொல்றன், செய்யி."

அவள் அழுதாள். ஒரு வருஷம் மனசுவிட்டுப் பேசாமல் இருந்ததற்கும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். நான் அழவில்லை. அடுப்பில் குழம்பு இருந்தது.

மூன்று வருஷம் மாறாத பேர், ஆபீசிலிருந்து ஆள் கேட்டு வந்ததும் மூன்று வாரத்தில் மாறியது. செல்வம் போனில் அந்த நம்பரைப் போட்டுக் காட்டினான். சொந்தக்காரர் என்ற இடத்தில் ஏழுமலை பேர் வந்துவிட்டது என்றான். மல்லிகாவுக்கு இரண்டு மாதத்தில் உதவி வர ஆரம்பித்தது. வல்லத்தில் தம்பி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது நின்றுபோனது. ஏழுமலையின் பெண்டாட்டி எனக்குப் போன் போட்டு, நான் நல்ல சாவு சாக மாட்டேன் என்றாள். கேட்டுக்கொண்டேன். ஏழுமலை பேசவே இல்லை.

6

நேற்று மல்லிகா ஒரு பத்திரிகையைப் படம் எடுத்து அனுப்பினாள். ஏழுமலை மகளுக்குக் கல்யாணம். அவலூர்பேட்டையில் மண்டபம்.

செல்வம் வேலைக்குப் போயிருந்தான். பேத்திக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நானே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். மேலே அங்காளம்மன் துணை. பிறகு எங்கள் அப்பா, அம்மா பேர், தெய்வத்திரு என்று போட்டு. பெண்ணின் பேர், மாப்பிள்ளையின் பேர். கீழே சொந்தக்காரர்கள் பட்டியல், சின்ன எழுத்து. விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் படித்தேன். பெண்டாட்டி வழிச் சொந்தத்தில் எனக்குத் தெரியாதவர்கள் பேர்கூட இருந்தது. "தெய்வத்திரு பச்சையப்பன் குடும்பத்தார், செஞ்சி" என்று ஒரு வரி இருந்தது. கன்னியம்மாள் இல்லை. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், தவறவிட்டிருப்பேன் என்று மறுபடியும் மேலே இருந்து படித்தேன். இல்லை.

மல்லிகா கூப்பிட்டாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தன்."

"எனக்கு வயிறெல்லாம் எரியுது. தூக்கி வளத்தவ பேர வுட்டுட்டு யாரு யாரையோ போட்டிருக்கறாங்க. நான் போவல."

"போவணும்."

"எதுக்கு?"

"அந்தப் பொண்ணு எனக்கு ஒண்ணும் பண்ணல. அதுக்குப் பேரு வெச்சதே நான்தான். நல்ல பொடவையா கட்டிக்கினு போ. முன்னாடி வரிசையில ஒக்காரு. நாலு பேரு அம்மா எங்கன்னு கேப்பாங்க. கேக்கட்டும். அவன் பதில் சொல்லிக்கட்டும்."

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மாமா ஆள் வுட்டு சொல்லி அனுப்பினாரும்மா. காலையில வண்டி அனுப்பறாராம். அதுல வந்துடுன்னு."

எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"வண்டி வந்தா திருப்பி அனுப்பு" என்றேன். "செஞ்சி பஸ் ஸ்டாண்டுல இருந்து அவலூர்பேட்டைக்கு பஸ் இருக்குது. பஸ்ல போ."